தீவிரவாதத் தடுப்புத் தொண்டு நிறுவனத்தை நடத்த வருகிறவர்களுக்கு

தீவிரவாதத்துக்கு எதிராக வேலை செய்யும் தொண்டு நிறுவனம் என்றதும் பலருக்கு மேடையும் மெழுகுவத்தி ஊர்வலமும் ஒற்றுமை உறுதிமொழியும்தான் நினைவுக்கு வரும். அதன் தலைவருடைய ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். இரண்டு கேஸ் கூட்டம் (உதவி தேடி வந்த ஒவ்வொருவரும் ஒரு கேஸ்), ஒரு மானிய அறிக்கை, பயந்துபோன களப்பணியாளரோடு ஒரு மணி நேரம், கணக்கை ஏன் முடக்கினீர்கள் என்று வங்கிக்கு ஒரு கடிதம், காவல்துறை கேட்ட பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு முடிவு.

கடைசியாகச் சொன்னதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. உங்களிடம் வருகிறவர் உங்களை ஆள்காட்டி என்று நினைத்துவிட்டால் நிறுவனம் அன்றோடு முடிந்தது. உயிர்போகும் விஷயத்தைத் தெரிந்தும் நீங்கள் மறைத்ததாகத் தெரியவந்தால், அன்றும் முடிந்தது. பதிவு, பணம், பிரசாரம், ஆள் எடுப்பது என்று கீழே வருகிற எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழகுவதற்கான ஏற்பாடுகள்தான்.

எதை எதிர்க்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்

'தீவிரவாதம்' என்ற சொல்லுக்கு உலகம் ஒப்புக்கொண்ட பொருள் கிடையாது. 2016 ஜனவரியில் ஐ.நா. பொதுச்செயலாளர் பொதுச்சபையில் வைத்த வன்முறைத் தீவிரவாதத் தடுப்புச் செயல்திட்டமே வரையறை எதுவும் தராமல், அதை உறுப்பு நாடுகளிடம் விட்டுவிட்டது. இந்த ஓட்டை வழியாகத்தான் ஆட்சியில் இருப்பவர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்களை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் தள்ளுகிறார்கள். உங்கள் நிறுவனம் தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்ளாவிட்டால், பணம் கொடுப்பவர் போட்டுக் கொடுப்பார்.

நடைமுறையில் கைகொடுப்பது 2012இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் உருவான ரபாத் செயல்திட்டம். ஒரு பேச்சைக் குற்றமாகக் கருதும் அளவுக்கு அது வெறுப்பைத் தூண்டுகிறதா என்று பார்க்க ஆறு அளவுகோல்களை அது வைக்கிறது: பேசப்பட்ட சூழல், பேசியவரின் நிலையும் செல்வாக்கும், நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், சென்றடைந்த பரப்பு, உடனடித் தீங்குக்கான வாய்ப்பு. இந்த ஆறையும் அடிப்படையாக வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு உண்மையான ஐந்து பேச்சுகளை அதில் போட்டுப் பாருங்கள். அதில் குறைந்தது இரண்டு உங்களுக்கு அனுதாபம் உள்ள தரப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மட்டும் எளிதாகத் தப்பித்துவிட்டால் கோடு கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், திருத்தி எழுதுங்கள்.

அடுத்து, எந்தப் படியில் நிற்கப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்த மூன்று படிகள் இந்தத் துறையிலும் புழங்குகின்றன. எந்தச் சாய்வும் இல்லாத பொதுவான இளைஞர்களிடம் வேலை செய்வது முதல் படி. ஈர்க்கப்படத் தொடங்கியவர்களிடமும் அவர்கள் குடும்பத்திடமும் வேலை செய்வது இரண்டாவது. ஏற்கெனவே உள்ளே போனவர்கள், சிறை சென்றவர்கள் வெளியே வர உதவுவது மூன்றாவது. மூன்றுக்கும் வேண்டிய ஆட்கள் வேறு, காப்பீடு வேறு, சட்டப் பொறுப்பு வேறு. புதிய நிறுவனம் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்தால், பள்ளி நிகழ்ச்சிக்குப் போன அதே ஆள் மறுநாள் சிறைக்கும் போவார். இரண்டு இடத்திலும் அவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

தலைவர் நாற்காலிக்கு முன்

இந்த வேலைக்கு நேர்ப் பட்டம் என்று ஒன்றை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வாசல்களில் வருகிறார்கள்: இளைஞர் பணி, உளவள ஆலோசனை, சிறை அல்லது நன்னடத்தைத் துறை, ஆராய்ச்சி. ஐந்தாவது வாசல், ஒரு காலத்தில் அந்த இயக்கங்களில் இருந்து வெளியே வந்தவர்களுடையது. 1990களின் பிற்பகுதியில் நார்வேயில் தொடங்கி, 1998இல் சுவீடனுக்குப் போய், 2000இல் ஜெர்மனியை அடைந்த, தீவிர வலதுசாரி இயக்கங்களை விட்டு வெளியே வர உதவும் 'எக்ஸிட்' திட்டங்களில் இந்தக் கலவையைப் பார்க்கலாம். நார்வேயில் யோசனையைக் கொடுத்தவர் தூரே பியோர்கோ என்ற ஆய்வாளர். ஜெர்மனியில் தொடங்கிய இருவரில் பெர்ன்ட் வாக்னர் முன்னாள் காவல் அதிகாரி, இங்கோ ஹாசல்பாக் முன்னாள் நவநாஜி.

எந்த வாசலில் வந்தாலும், தலைமைக்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் நேரடியாக ஆட்களோடு உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். போதை மீட்பு மையம் நல்ல பயிற்சிக் களம். தற்கொலைத் தடுப்பு உதவி எண் அதைவிட நல்லது. கத்துகிறவரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவது, பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் உறவை அறுக்காமல் இருப்பது, திரும்ப விழுந்தவரைத் திட்டாமல் மறுபடி சேர்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் புத்தகத்தில் வராது.

முன்பு உள்ளே இருந்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றித் தெளிவான விதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதை உள்ளே இருக்கும் பையன் காதுகொடுத்துக் கேட்பான் என்பது உண்மை. ஆனால் வெளியே வந்து இரண்டு ஆண்டு ஆகாதவரை மேடை ஏற்றாதீர்கள். பழைய இயக்கத்தில் கிடைத்த கைத்தட்டல் இப்போது வேறு மேடையில் கிடைக்கும், அதுவே அடுத்த போதையாகிவிடும். கதை சொல்வதற்கென்று தனியாகப் பணம் கொடுத்தால் கதை மாதத்துக்கு மாதம் பெரிதாகும். வேலைக்குச் சம்பளம் கொடுங்கள். வாராவாரம் மேற்பார்வை வையுங்கள். அவரால் பாதிக்கப்பட்டவர்கள் அரங்கில் இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதிவும் வங்கியும்

அறங்காவலர் குழுவில் ஐந்திலிருந்து ஏழு பேர் போதும். ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காளர், மனநலத் துறையைச் சேர்ந்த ஒருவர், நீங்கள் வேலை செய்யும் சமூகத்துக்குள்ளேயே மதிக்கப்படும் ஒருவர் இருக்க வேண்டும். பதவியில் இருக்கும் கட்சிக்காரரையும் காவல் அதிகாரியையும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் நல்லவர்களாக இருப்பது வேறு விஷயம். பெயர்ப்பலகையைப் பார்த்தே வாசலில் திரும்பிப் போகிறவர்களை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

வங்கியில் சிக்கல் வரும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். பணமோசடி, பயங்கரவாத நிதி ஆகியவற்றைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்.பின் எட்டாவது பரிந்துரை தொண்டு நிறுவனங்களைப் பற்றியது. எல்லாத் தொண்டு நிறுவனங்களையும் சந்தேகிக்க அது காரணமாகிவிட்டது என்ற புகார் நீண்டகாலம் இருந்தது. 2016இலும் 2023இலும் அதைத் திருத்தி, உண்மையில் ஆபத்து உள்ள இடத்தில் மட்டும் கட்டுப்பாடு போதும் என்று தெளிவாக்கினார்கள். அந்தத் திருத்தம் கிளை மேலாளரின் மேசையை இன்னும் எட்டாமல் இருக்கலாம். கணக்கு தொடங்கும்போதே நிறுவனத்தின் நோக்கம், அறங்காவலர்களின் அடையாளம், முதலாண்டு வரவு செலவுத் திட்டம், யாருக்கு எப்படிப் பணம் போகும் என்ற விளக்கம் ஆகிய நான்கையும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். பணப் பரிமாற்றக் குறிப்பில் இயக்கங்களின் பெயரை எழுதவே கூடாது. 'இன்ன அமைப்பு பற்றிய ஆய்வுக்கு' என்று ஒருவர் நல்லெண்ணத்தில் எழுதிய ஒற்றை வரிக்கு, தானியங்கிச் சோதனை கணக்கையே நிறுத்திவைக்கும்.

இரகசியம்: எது வெளியே போகும், எது போகாது

முதல் கேஸ் வருவதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டிய ஆவணம் இது. வெளியே சொல்லியாக வேண்டியவை மூன்றே மூன்றாக இருக்கட்டும்: ஒருவரின் உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, சட்டமோ நீதிமன்றமோ கட்டாயமாகக் கேட்பது. மூன்றாவது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறும். தகவல் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றமாகும் இடங்கள் உண்டு. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம், ஆட்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படாமல் தடுப்பதைப் பள்ளிகளும் மருத்துவச் சேவைகளும் தங்கள் பணியில் கருத்தில்கொள்ள வேண்டும் என்று கடமையே விதித்திருக்கிறது. உங்கள் நாட்டு நிலையை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இதை வருகிறவரிடம் எப்போது சொல்வது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். அவர் மனம்விட்டுப் பேசிய பிறகு சொன்னால் அது பொறி. முதல் சந்திப்பில், அவர் வாய் திறப்பதற்கு முன் சொல்ல வேண்டும்: "நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது. மூன்று விஷயத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படி ஒன்று வந்தால், முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம்." இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும். உட்கார்ந்தவர் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார்.

தகவலை வெளியே சொல்வதா என்ற முடிவை ஒருவர் தனியாக எடுக்கக் கூடாது. களப்பணியாளர் ஒருவர், அந்தக் கேஸில் சம்பந்தப்படாத மூத்தவர் ஒருவர் என இருவர் சேர்ந்து எடுத்து, 24 மணி நேரத்துக்குள் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 'சொல்ல வேண்டாம்' என்று முடிவெடுத்தாலும் எழுத வேண்டும். பிற்பாடு கேள்வி வரும்போது கைகொடுப்பது அந்தத் தாள்தான். உயிருக்கு ஆபத்து உடனடியானது என்றால் இந்த நடைமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம், முதலில் அவசர எண், பிறகு தாள். காவல்துறையோடு பேச ஒரே ஒருவரை நியமியுங்கள். அவர்கள் கேட்பது எழுத்தில் வர வேண்டும். தேநீர்க் கோப்பையோடு நடக்கும் 'சும்மா ஒரு விசாரிப்பு'தான் இந்தத் துறையில் அதிக நிறுவனங்களைச் சாய்க்கக்கூடிய பள்ளம்.

ஒரு கேஸ் எப்படி நடக்கும்

முதல் அழைப்பு பெரும்பாலும் அம்மாவிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ வரும். "என் பையன் மாறிவிட்டான்." முதல் இருபது நிமிடம் கேட்பதற்கு மட்டும். என்ன மாறியது, எப்போதிலிருந்து? யாரோடு பேச்சு நின்றது, புதிதாக யார் வந்தார்கள்? தூக்கம், சாப்பாடு, வேலை, கடன் எப்படி? ஆயுதம், தேதி, இடம், பயணம் என்று ஏதாவது பேச்சில் வந்ததா? கடைசிக் கேள்விதான் பலருக்குத் தோன்றாது: வீட்டில் இன்னும் யாரிடம் அவன் இயல்பாகப் பேசுகிறான்?

பிறகு, செய்யக் கூடாதவற்றைச் சொல்ல வேண்டும். கைபேசியைப் பிடுங்க வேண்டாம். கொள்கை பற்றி வாதம் வேண்டாம். வீட்டை விட்டுத் துரத்த வேண்டாம். 'அடியாத மாடு படியாது' என்று நிற்கும் அப்பாக்கள் உண்டு. அவர்களுக்குக் காரணத்தையும் விளக்குங்கள். 'உன் வீட்டார் உன்னைப் புரிந்துகொள்ள மாட்டார்கள், ஒருநாள் கைவிடுவார்கள்' என்று ஆள்சேர்ப்பவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார். அப்பா கையை ஓங்கியதும் அந்தச் சொல் பலித்துவிடுகிறது. இயல்பாகப் பேசும் அந்த ஒரு சித்தப்பாவோ தங்கையோ இருந்தால், அந்த உறவை அறாமல் காப்பதே முதல் மாதத்தின் முழு வேலை. வண்டிப் பழுது பற்றி மட்டும் பேசினாலும் போதும்.

ஒருவர் எவ்வளவு ஆபத்தானவர் என்று கணிக்கும் மதிப்பீட்டுப் பட்டியல்களைக் கவனமாகக் கையாளுங்கள். பிரிட்டனின் இ.ஆர்.ஜி. 22+ (தீவிரவாத அபாய வழிகாட்டி) போன்றவை தண்டனை பெற்ற கைதிகளைப் பயிற்சி பெற்ற நிபுணர்கள் மதிப்பிடுவதற்காக உருவாக்கப்பட்டவை. அதில் உள்ள 22 காரணிகளையும் நகலெடுத்துப் பள்ளி ஆசிரியர் கையில் கொடுத்தால், கோபக்கார விடலைப் பையன் ஒவ்வொருவனும் அதில் சிக்குவான். தாடி, உடை, மொட்டைத்தலை, பக்தி இவை எதுவும் தனித்து ஒன்றையும் சொல்லாது.

பையனே வரச் சம்மதித்தால், முதல் மூன்று மாதம் வாரம் ஒரு சந்திப்பு, பிறகு மாதம் இரண்டு. ஒரு பணியாளரிடம் ஒரே நேரத்தில் எட்டு அல்லது பத்துக் கேஸுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது படியில் என்றால் அதிலும் பாதி. பலமுறை ஓராண்டைத் தாண்டும், சில கேஸ் பல ஆண்டு போகும். மானியம் பன்னிரண்டு மாதத்தில் முடிகிறதே என்று கேஸும் முடியாது. இதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

விலகுவது வேறு, மனம் மாறுவது வேறு. இயக்கத்தை விட்டு, வன்முறையை விட்டு வெளியே வந்தவர் பழைய கருத்துகளில் பாதியை இன்னும் சுமந்துகொண்டிருக்கலாம். முதல் இலக்கு விலகல். அதற்குத் தடையாக நிற்பது பலநேரம் கொள்கைகூட இல்லை. வெளியே வந்தால் நண்பர்கள் இல்லை, வேலை இல்லை, வாடகை கொடுக்க ஆள் இல்லை, முகத்திலோ கழுத்திலோ பச்சை குத்திய சின்னம் இருக்கிறது, பழைய கூட்டாளிகள் தேடி வருவார்கள். ஆகவே திட்டத்தில் இடமாற்றம், கடன் சீரமைப்பு, பச்சை அழிப்பு, வேலைப் பரிந்துரை, நீதிமன்றத் துணை எல்லாம் வரும். இயக்கம் வெறும் கருத்தை மட்டும் கொடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை மாலையையும் கொடுத்தது. அந்த மாலைக்கு என்ன செய்வது என்று திட்டத்தில் எழுதாவிட்டால் மூன்றாவது வாரத்தில் திரும்பிப் போய்விடுவார்.

கொள்கை பற்றிய பேச்சுக்கும் நேரம் வரும், ஆனால் பேசுகிறவருக்குக் கேட்கிறவர் கண்ணில் தகுதி இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2003இல் தொடங்கிய சமய மறுவாழ்வுக் குழுவில், தடுப்புக்காவலில் இருந்தவர்களோடு பேசியவர்கள் சமயக் கல்வி பெற்ற தன்னார்வ அறிஞர்கள். அந்தத் தகுதி இல்லாத சமூகப் பணியாளர் வேதவரிகளை எடுத்து வாதாடினால் இரண்டே நிமிடத்தில் தோற்பார், அந்தத் தோல்வி வெளியே கதையாகப் பரவும்.

கேஸை மூடும்போது கதவைச் சாத்திவிடாதீர்கள். ஒன்று, மூன்று, ஆறாவது மாதங்களில் ஒரு தொலைபேசி. காதல் முறிவு, வேலை இழப்பு, நீதிமன்றத் தேதி, பழைய நண்பனின் சாவு ஆகியவை திரும்ப விழும் நேரங்கள்.

பிரசாரம் செய்யும்போது

அவர்கள் முழக்கத்தைத் திரும்பச் சொல்லி மறுப்பது மிகப் பரவலான தவறு. வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கொடுத்த கதையாகிவிடும். நல்ல பிரசாரம் யாரை எட்ட வேண்டும் என்று முதலில் கேட்கும். 2011இல் ஜெர்மனியின் கேரா நகரில் நடந்த தீவிர வலதுசாரி இசை நிகழ்ச்சியில் எக்ஸிட் அமைப்பு தன் பெயர் தெரியாதபடி 250 பனியன்களை இலவசமாகக் கொடுக்கச் செய்தது. மேலே அவர்களுக்குப் பிடித்த படம். துவைத்ததும் அது போய், அடியில் வேறு செய்தி: பனியனால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர உதவுகிறோம். சரியான ஆளிடம், அவன் தனியாக இருக்கும் நேரத்தில், தொடர்பு வழியோடு போய்ச் சேர்ந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

2014இல் அதே ஜெர்மனியின் வூன்சீடல் என்ற சிறு ஊரில் வேறொரு வழி. ஆண்டுதோறும் வரும் நவநாஜி ஊர்வலம் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ எக்ஸிட் அமைப்புக்குப் போகும் என்று அறிவித்தார்கள். ஊர்வலக்காரர்கள் நடந்தே 10,000 யூரோ சேர்த்துக் கொடுத்தார்கள். இதை நகலெடுக்க நினைப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள்: ஊர்க்காரர்களும் வணிகர்களும் முன்பே கூடிப் பணத்துக்கு உறுதி கொடுத்திருந்தார்கள். ஊர் உங்கள் பின்னால் இல்லாமல் செய்யும் கிண்டல், வெளியூர்க்காரர் திமிராகத்தான் தெரியும்.

முதல் படியில் வேலை செய்கிறவர்கள் இரு சமூக இளைஞர்களை ஓர் அறையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட சந்திப்பு பகையைக் குறைக்க, அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே நான்கு நிபந்தனைகள் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. ஒரு தரப்பு விருந்தாளியாகவும் மறுதரப்பு புரவலராகவும் இருக்கும் கூட்டத்தில் முதலாவதே அடிபட்டுவிடுகிறது. சேர்ந்து எதையாவது செய்யும் வேலையைக் கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

பணமும் கணக்கும்

வெறுப்பு இயக்கங்களை விட்டு வெளியே வர உதவும் அமெரிக்காவின் லைஃப் ஆஃப்டர் ஹேட் அமைப்புக்கு ஓர் ஆட்சியின் கடைசி நாட்களில் அறிவிக்கப்பட்ட 4 லட்சம் டாலர் அரசு மானியத்தை, 2017இல் அடுத்து வந்த ஆட்சி ரத்து செய்தது. இந்தத் துறையில் அரசுப் பணம் அரசியல் பணம். ஆட்சி மாறினால் அதுவும் மாறும். எந்த ஒரு மூலத்திலிருந்தும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. முதல் இரண்டு ஆண்டு இது நடக்காது. நடக்காதவரை, ஆறு மாதச் சம்பளத்துக்கான சேமிப்பை உருவாக்குவதே முதல் வேலை. காவல் அல்லது உளவுத்துறையின் நிதியில் இருந்து வரும் பணம் என்றால், அதை வலைத்தளத்தில் வெளிப்படையாகப் போடுங்கள். மறைத்து, ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்யவே தேவையில்லை.

'எத்தனை தாக்குதலைத் தடுத்தீர்கள்' என்று கேட்கும் நிதியாளருக்கு எண் தராதீர்கள். நடக்காததை எண்ண முடியாது. எண்ணக்கூடியவை வேறு: எத்தனை அழைப்பு, அதில் எத்தனை இரண்டாவது சந்திப்புக்கு வந்தன, எத்தனை பேர் ஆறு மாதம் நீடித்தார்கள், வேலையிலோ படிப்பிலோ சேர்ந்தவர் எத்தனை, இயக்கத் தொடர்பு அறுந்தவர் எத்தனை, திரும்பிப் போனவர் எத்தனை. கடைசி எண்ணை மறைக்கும் அறிக்கையை அனுபவமுள்ள நிதியாளர் நம்பமாட்டார். பட்டறைக்கு வந்தோர் எண்ணிக்கையும் காணொளிப் பார்வை எண்ணிக்கையும் அறிக்கையை நிரப்பும், அதற்குமேல் எதையும் காட்டாது.

பாதுகாப்பு, ஊடகம், தாக்குதலுக்கு மறுநாள்

வீட்டு முகவரி எந்தப் பொதுப் பதிவிலும் வராதபடி, பதிவுக்கு வழக்கறிஞர் அலுவலக முகவரியையோ அஞ்சல் பெட்டியையோ சட்டம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். கேஸ் கோப்புகளில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனியாக, குறியாக்கம் செய்த இடத்தில், இருவர் கையில் மட்டும். கொலைக் காட்சிகளைப் பார்க்க வேண்டிய பணியாளருக்கு ஒலியை அணைத்து, திரையைச் சிறிதாக்கி, ஒரே அமர்வில் அரை மணிக்கு மேல் போகாமல் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கப்போகும் முன் வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து வரும் உளவள மேற்பார்வையாளருக்கான செலவை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகப் போடுங்கள். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். ஆட்கள் விட்டுப் போவதும் அதனால்தான்.

ஒரு தாக்குதல் நடந்த அன்று எல்லா ஊடகமும் உங்களை அழைக்கும். முதல் 24 மணி நேரத்தில் செய்தவர் யார், ஏன் என்று ஊகம் சொல்லாதீர்கள். தவறினால் ஒரு சமூகமே விலை கொடுக்கும். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட தாக்குதலுக்குப் பிறகு, நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டென் கொலையாளியின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். உங்கள் பேச்சாளருக்கும் அதுவே விதி: பெயர் இல்லை, படம் இல்லை, கொலையாளி எழுதிய அறிக்கையிலிருந்து மேற்கோள் இல்லை.

ஊடகத்தை விட அவசரமான வேலை உள்ளே இருக்கும். நடப்பில் உள்ள ஒவ்வொரு கேஸுக்கும் அன்றே ஒரு அழைப்பு போக வேண்டும். தாக்கிய தரப்போடு மனம் ஒட்டியிருந்தவர் கிளர்ந்திருப்பார். தாக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்தவர் பழிக்குப் பழி என்று கொதித்திருப்பார். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஊதி வளர்ப்பது இந்த நாட்களில்தான். யார் யாரை அழைப்பது என்ற பட்டியல் முன்பே அச்சிட்டு இருக்கட்டும். அன்றைக்கு உட்கார்ந்து பிரிக்க நேரம் இருக்காது.

தலைமை மாறும்போது அறங்காவலர் கையெழுத்து, வங்கி அதிகாரம், குறியாக்கச் சாவி, காவல்துறைத் தொடர்பாளர் பெயர் ஆகியவற்றை ஒரே வாரத்தில் மாற்றிவிடலாம். கேஸ்களை அப்படி மாற்ற முடியாது. பழையவரும் புதியவரும் குறைந்தது மூன்று சந்திப்பாவது சேர்ந்து உட்கார வேண்டும். உதவித் தொலைபேசி எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்ற வேண்டாம். கேஸ் மூடி மூன்று ஆண்டு கழித்து நள்ளிரவில் ஒருவர் கூப்பிடுவது, மனப்பாடமாகத் தெரிந்த அந்தப் பழைய எண்ணுக்குத்தான்.